திறந்த கல்வி வளங்களும் ஆசிரியரின் எண்மக் குடிமையும்: திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் பாடப்பொருள்களை முன்வைத்து

திறந்த கல்வி வளங்கள் குறித்த தமிழ் உரையாடல் பெரும்பாலும் 'இலவசம்' என்னும் சொல்லோடு நின்றுவிடுகிறது. யுனெஸ்கோ பொதுமாநாடு 2019 நவம்பரில் ஏற்ற பரிந்துரையோ, கட்டணமின்றிப் பெறுவதோடு மாற்றியமைக்கவும் மறுபகிர்வு செய்யவும் இடந்தரும் பொருளையே திறந்த வளம் என்கிறது. எண்மக் குடிமை பற்றிய பேச்சும் இவ்வாறே குறுகியுள்ளது. மைக் ரிபிள் வகுத்த 9 கூறுகளுள் சட்டமும், உரிமை–பொறுப்பும் தனித்தனியே இடம்பெற்றிருக்க, வகுப்பறையில் அது கடவுச்சொல் எச்சரிக்கையாகவும் கைப்பேசித் தடையாகவும் எஞ்சுகிறது. இவ்விரண்டையும் தொடர்பற்ற அலகுகளாகக் கற்பிப்பதே குறைபாட்டின் வேர். விருதுநகர் மாவட்டத்தின் அண்டை ஊர்களான திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் தரும் இரு பாடப்பொருள்கள் இதனை விளக்கப் போதுமானவை.

முதலாவது திருப்பாவை. ஆண்டாள் பிறந்த ஊரின் ஆசிரியர் ஒருவர் 30 பாசுரங்களுக்கும் எண்மப் பாடம் உருவாக்க முனைகிறார் எனக் கொள்ளலாம். மூலம் எவருடைய தனியுடைமையும் அன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் அது கிடைக்கிறது. பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானத்துக்கும் காப்புரிமைத் தடையில்லை. ஆனால் இக்கால உரையாசிரியர் எழுதிய விளக்கம் அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காக்கப்படுகிறது. இசைத்தட்டில் வெளிவந்த பாசுரத்தின் ஒலிப்பதிவு உரிமை வேறு. விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து எடுத்த கோபுரப் படம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பின், எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் செய்த மாற்றத்தையும் சுட்ட வேண்டும். ஒரே பாடத்துக்குள் இத்தனை உரிமை நிலைகள். படத்தின் அடியில் 'நன்றி: கூகுள்' என்று இடும் வழக்கம் நன்றியும் ஆகாது, சான்றும் ஆகாது.

இங்குச் சட்டம் ஆசிரியருக்குப் பகையாக இல்லை என்பதையும் கூற வேண்டும். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்க இடமளிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் இவ்விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. எனினும் கற்பிக்கும் உரிமை வேறு, உலகுக்குத் திறந்துவிடும் உரிமை வேறு. வகுப்பில் காட்டத்தக்க ஒலிப்பதிவைத் திறந்த உரிமத்தில் வெளியிட ஆசிரியருக்கு அதிகாரமில்லை. இவ்வேறுபாட்டை விளக்காத பயிற்சி, ஆசிரியரை அச்சத்திலோ அலட்சியத்திலோ விட்டுவிடும்.

இரண்டாவது, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். 1988இல் அமைந்த சாம்பல்நிற அணில் சரணாலயத்தின் ஒரு பகுதி இராஜபாளையத்தை ஒட்டிய அய்யனார் கோயில் காட்டில் உள்ளது. மாநிலம் முழுமைக்கும் பொதுவான பாடநூல் இவ்வூரின் மரப்பெயர்களையும் விலங்குப் பெயர்களையும் தாங்க இயலாது. தீக்ஷா தளம் 2017இல் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சாயின. அவை பாடத்தை ஆசிரியரிடம் கொண்டு சேர்க்கின்றன. ஆசிரியரிடமிருந்து பாடம் திரும்பிச் செல்லும் வழி அத்துணை எளிதாக இல்லை. முடிவுற்ற காணொலியைப் பார்க்கலாம். அதில் ஓர் உள்ளூர்ப் பெயரைச் சேர்க்க முடியாது. திருத்தும் உரிமையை உரிமம் தந்தாலும், திருத்தத்தக்க கோப்பு கைக்கு வராதவரை அது ஏட்டுரிமையே.

எனவே ஆசிரியர் தாமே களப்பயணத்தில் படமெடுத்துத் திறந்த உரிமத்தில் வெளியிடுவதே உரிய வழியாகத் தோன்றும். சிக்கலும் அங்கேயே எழுகிறது. அணிலைச் சுட்டும் மாணவியின் முகம் படத்தில் இருக்கும். 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வேண்டுகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமோ காப்புரிமையை மட்டுமே கையாள்கிறது. படத்தில் இருப்பவரின் அந்தரங்கத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. ஒருமுறை வழங்கிய அவ்வுரிமத்தைத் திரும்பப் பெறவும் இயலாது. மாணவி வளர்ந்தபின் அப்படம் வேண்டாம் என்றால், ஆசிரியர் தம் பக்கத்திலிருந்து அதனை அகற்றலாம். பிறர் எடுத்த படிகள் உலவிக்கொண்டேயிருக்கும். கைப்பேசிப் படத்தில் பதிந்த இட ஆயத்தொலைவு அணில் கூட்டின் இருப்பிடத்தையும் வேட்டையாளருக்குக் காட்டிவிடக்கூடும். உரிமம் தேர்வதற்கு முன்னர் முகத்தை மறைப்பதும் இடத்தரவை நீக்குவதும் ஆசிரியர் பயிற்சி ஏடுகளில் திறந்த வளம் என்னும் அலகுக்குள்ளேயே இடம்பெற வேண்டிய செய்திகள்.