காட்டுதலும் உணர்த்துதலும்: லியோன் பிளைஷரின் கலைவாழ்வு

கலையில் தேர்ந்தவர் அனைவரும் அதனைக் கற்பிப்பதிலும் தேர்ந்தவர் என்று எண்ணுவது உலக வழக்கு. அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. தானே செய்து காட்டுவது ஓர் ஆற்றல். பிறர் தாமே செய்யுமாறு உணர்த்துவது பிறிதோர் ஆற்றல். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை அறிய விரும்புவோர்க்கு அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் பிளைஷரின் வாழ்வு தக்க சான்றாகும். அவரைப் பற்றி எழுதுவோருட் பலரும் அவர் வலக்கையின் ஆற்றலை இழந்து, பின்னர் மீண்ட வரலாற்றையே விரித்துரைப்பர். உள்ளத்தை உருக்கும் வரலாறுதான் அது. எனினும், கற்பிப்போர் கருத்தூன்ற வேண்டிய பகுதி இழப்பிற்கும் மீட்சிக்கும் இடைப்பட்ட நெடுங்காலமே ஆகும்.

பிளைஷர் 1928ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய எளிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். 4 வயதில் பியானோ பயிலத் தொடங்கி, 8 வயதில் மேடையேறினார். 1938இல் இத்தாலி நாட்டுக் கோமோ ஏரிக்கரையில் வகுப்பு நடத்திவந்த ஆர்தர் ஷ்னாபெலிடம் மாணவராகச் சேர்ந்தார். பேத்தோவன் இயற்றிய 32 பியானோ சொனாட்டாக்களையும் முதன்முதலாக இசைத்தட்டுகளிற் பதிந்தவர் ஷ்னாபெல். பேத்தோவனிடம் பயின்றவர் செர்னி. செர்னியிடம் பயின்றவர் லெஷெட்டிட்ஸ்கி. லெஷெட்டிட்ஸ்கியிடம் பயின்றவர் ஷ்னாபெல். இவ்வாறு வழிவழி வந்த ஆசிரிய மரபில் பிளைஷரும் இடம்பெற்றார். ஷ்னாபெலின் வகுப்பில் ஒரு மாணவர் வாசிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். பிறர்க்குரிய பாடத்தையும் தம் பாடமாகக் கொள்ளும் பயிற்சியை இளம் பிளைஷர் அங்கே பெற்றார்.

அப்பயிற்சியின் பயன் விரைவில் வெளிப்பட்டது. 1944இல், 16ஆம் வயதில், பியர் மோந்தோ நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு கார்னகி மண்டபத்தில் பிராம்சின் முதலாம் பியானோக் கான்செர்ட்டோவை வாசித்தார். 1952இல் பிரசல்ஸ் நகரில் நடைபெற்ற எலிசபெத் அரசியார் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவோடு அவர் பதிவுசெய்த பேத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்கள் இன்றளவும் போற்றப்படுகின்றன. விரலின் விரைவைப் பறைசாற்றும் வாசிப்பன்று அது. படைப்பின் கட்டுக்கோப்பை ஒளிவுமறைவின்றிப் புலப்படுத்தும் வாசிப்பு என்பதே அதன் சிறப்பு.

புகழ் உச்சியில் நின்ற வேளையிலேயே அவரை இடர் சூழ்ந்தது. 1964ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் தாமே உள்நோக்கி மடங்கலாயின. 1965இல் கிளீவ்லாந்து இசைக்குழுவோடு சோவியத் நாட்டிற்குச் செல்லவிருந்த பயணத்தை அவர் கைவிட நேர்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 36. டிஸ்டோனியா என்னும் நரம்பியற் கோளாறு அது என்று தெளிவதற்கே பல்லாண்டுகள் சென்றன. நாள்தோறும் 7, 8 மணி நேரம், வலியையும் பொருட்படுத்தாது விரல்களை வருத்திய தம் பயிற்சி முறையை அவர் பிற்காலத்தில் குறை கூறினார். வாழ்வே முடிந்தது என்னுமளவிற்கு அவர் மனமுடைந்த காலம் அது.

ஆயினும் வகுப்பறைக் கதவு மூடப்படவில்லை. பால்டிமோர் நகரத்துப் பீபாடி இசைக்கல்லூரியில் 1959 முதல் அவர் ஆசிரியராக இருந்தார். தொடக்கத்தில் அவர் கையாண்டது எளிய வழி. மாணவர் தவறும்போது அவரை இருக்கையினின்று விலக்கிவிட்டு, அப்பகுதியைத் தாமே வாசித்துக் காட்டுவார். கை ஒத்துழையாதபோது அவ்வழி அடைபட்டது. ஓசை ஏன் அவ்விடத்தில் தணிய வேண்டும், அடுத்த சுரத்தை ஏன் சற்றே தாழ்த்தித் தொடங்க வேண்டும் என்பவற்றையெல்லாம் சொல்லால் விளக்க வேண்டியதாயிற்று. அதற்குரிய சொற்களைத் தேடத் தேட, தாம் பழக்கத்தாற் செய்துவந்தவற்றின் காரணங்களைத் தாமே ஆராய வேண்டியதாயிற்று. இதனால் தாம் முன்னினும் நல்ல ஆசிரியரானதாக அவரே கூறியுள்ளார்.

இசைக்குழுவை நடத்தும் பணியும் இதற்குத் துணைசெய்தது. 1970இல் அன்னாபொலிஸ் இசைக்குழுவின் நடத்துநரானார். நடத்துநர் தாம் ஓர் ஒலியும் எழுப்புவதில்லை. தம் கருத்தைப் பிறர் கைகளின் வாயிலாகவே ஒலிக்கச் செய்கிறார். ஆசிரியர் பணியும் அத்தகையதன்றோ? மேடையையும் அவர் துறந்தாரல்லர். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் இயற்றிய இடக்கைக் கான்செர்ட்டோ முதலியவற்றைப் பல மேடைகளில் வாசித்தார்.

செய்து காட்டாது இசையைக் கற்பித்தல் கூடுமோ என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. பிளைஷரின் சொற்களுக்கு வலிமை தந்தவை அவர் விரல்கள் முன்னர்ப் பெற்றிருந்த பட்டறிவே. அறியாதவன் சொல்லும் விளக்கம் வெற்றுரையாகும். எனவே இழப்பு அவரை ஆசிரியராக்கியது என்று கூறுதல் பொருந்தாது. துன்பத்தைப் போற்றுவதும் நன்றன்று. முன்பே ஆசிரியராக இருந்தவரிடமிருந்து குறுக்கு வழியொன்றை இழப்பு பறித்துக்கொண்டது என்பதே உண்மைக்கு நெருங்கிய கூற்று. ஆசிரியனைத் துலாக்கோலுக்கு ஒப்பிடும் நன்னூல், ஐயம் அகலப் பொருளை உணர்த்துதலை அக்கோலின் இயல்புகளுள் ஒன்றாக வைத்துள்ளது இங்கு நினையத்தக்கது. காட்டுதல் மாணவனுக்கு ஒரு மாதிரியைத் தருகிறது. உணர்த்துதலோ அவன் ஐயத்தை நீக்கி, அடுத்த பாடலைத் தானே அணுகும் திறனையும் தருகிறது.

அவரிடம் பயின்றோரைக் காணின் இக்கருத்து வலுப்பெறும். ஆந்திரே வாட்ஸ், யெபீம் பிரான்மன், ஜொனாதன் பிஸ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்களே. ஒருவர் வாசிப்பு மற்றொருவர் வாசிப்பைப் போன்றதன்று. ஆசிரியரின் நிழல்களாக அவர்கள் அமையவில்லை.

1990களின் நடுவில், போட்டுலினம் என்னும் நச்சுப்பொருளை மிகச் சிறிய அளவில் ஊசிவழிச் செலுத்தும் மருத்துவமும் தசைகளைப் பிசைந்து நெகிழ்விக்கும் முறையும் அவர் விரல்களைத் தளர்த்தின. 2004இல் "இரு கைகள்" என்னும் பெயரில் இசைத்தட்டு வெளியிட்டார். அதே ஆண்டு, 1923இல் ஹிண்டமித் விட்கென்ஸ்டைனுக்காக இயற்றியும் அவர் வாசிக்காது ஒதுக்கிய இடக்கைப் படைப்பைப் பெர்லின் நகரில் பிளைஷர் முதன்முதலாக அரங்கேற்றினார். இரு கைகளும் திரும்பிய பின்னரும் ஒற்றைக் கையின் இசையை அவர் மறக்கவில்லை. நோய் முற்றிலும் நீங்கியதுமில்லை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், 92ஆம் வயதில், பால்டிமோரில் மறைந்தார்.

கரும்பலகையில் கணக்கைத் தாமே செய்து முடித்துவிட்டு, மாணவர்க்கு விளங்கியது என மனநிறைவு கொள்ளும் ஆசிரியர் எந்நாட்டிலும் உளர். வெண்கட்டியைக் கீழே வைத்த பின்னர் அவர்தம் கையிருப்பில் எஞ்சுவது யாது? பிளைஷரின் வாழ்வு ஆசிரியவுலகின்முன் வைக்கும் வினா இதுவே.