சாலிவாகனனை இயக்கியவர் எடுத்த பொந்தியானாக்

சிங்கப்பூரில் எடுத்த படங்களில் வெளிநாட்டு ரசிகர்கள் இன்றும் தேடிப்பிடித்துப் பார்ப்பவற்றில் பேய்ப்படம், அடிதடிப் படம், சிரிப்புப் படம் ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கான் விழாவுக்குப் போன படங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேயையும் எண்ணெய் மனிதனையும் பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ஏனென்றால் அந்தப் பேய்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. தமிழ்ப் படங்களில் தொழில் பழகியவர்கள் கடல் கடந்து வந்து எடுத்த படங்கள் அவை. நம் சினிமா வரலாறு கோடம்பாக்கத்தோடு நின்றுவிடுவதால், அதன் ஒரு கிளை இங்கே செழித்ததை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையோடு வடக்கே நடந்தால் வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் வரும். அவற்றைத் தாண்டி இடப்பக்கம் பாலஸ்டியர் சாலையில் திரும்பினால், சற்றுத் தூரத்தில் ஜாலான் அம்பாஸ் என்ற சிறு சந்து. அதில் எட்டாம் எண் வளாகம்தான் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ. 1947 முதல் 1967 வரை அங்கே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் தயாராயின. மலாய் நட்சத்திரம் பி. ரம்லி நடித்ததும் பாடியதும் இயக்கியதும் அங்கேதான். உருண்டு திரண்ட தூண்களோ அலங்கார வளைவோ கிடையாது. கிடங்கு போன்ற தாழ்ந்த கட்டடங்கள், இரும்புக் கதவு, அவ்வளவுதான். இவ்வளவு சாதாரணமான இடத்திலிருந்து அத்தனை படங்கள் வந்தன என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

அந்தக் காலத்து ஸ்டூடியோ நடைமுறையை ஒரே வரியில் சொல்லலாம்: சீனர் பணம், மலாய் நடிகர், இந்திய இயக்குநர். மலாய் ரசிகர்கள் கொட்டகைகளில் இந்தி, தமிழ்ப் படங்களை விரும்பிப் பார்த்தார்கள். பாட்டும் நடனமும் கண்ணீரும் கலந்து கதை சொல்லத் தெரிந்தவர்களை முதலாளிகள் இந்தியாவிலிருந்தே தருவித்தார்கள். முதல் மலாய்ப் படமான 'லைலா மஜ்னு'வை 1934-இல் இங்கே எடுத்தவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். ரம்லியை 1948-இல் 'சிந்தா'வில் அறிமுகம் செய்தவரும் அவரே. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1950-இல் 'பக்தி' படத்தில் ரம்லியை முதன்முறையாகக் கதாநாயகன் ஆக்கினார். வங்காளத்து பணி மஜும்தார் 'ஹங் துவா'வை எடுத்தார். எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர் என்று பட்டியல் இன்னும் நீளும்.

இவர்களில் பி. என். ராவ்தான் என் அக்கறைக்குரியவர். கேரளத்தில் பிறந்து தமிழ்ப் படங்களில் பேரெடுத்த பாலகிருஷ்ண நாராயண ராவ். 1939-இல் 'ரம்பையின் காதல்', அதே ஆண்டில் 'பிரகலாதா', 1941-இல் 'தர்மவீரன்', 1945-இல் ரஞ்சனும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்த 'சாலிவாகனன்'. எம்.ஜி.ஆர். அதில் விக்கிரமாதித்தன். தேவலோகப் பெண்ணும் மாயமும் வரமும் சாபமும் அவருக்குக் கைவந்த சரக்கு. 1950-களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்து, ரம்லியை வைத்து 'ஹுஜான் பானாஸ்' (1953) எடுத்தார். பிறகு ஷாவின் போட்டி நிறுவனமான கேத்தே-கெரிஸுக்குப் போனார். ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இருந்த அந்த ஸ்டூடியோவில்தான் 1957-இல் 'பொந்தியானாக்' உருவானது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூன் விழுந்த, விகாரமான பெண் சோமெல். அவளை எடுத்து வளர்த்த கிழவர் சாகும்போது ஒரு மருந்துக் குறிப்பை விட்டுச் செல்கிறார். அதைக் காய்ச்சிக் குடித்ததும் பேரழகியாகிறாள். ஒரு நிபந்தனை உண்டு: வாயில் இரத்தம் படவே கூடாது. திருமணமாகிறது, குழந்தை பிறக்கிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சச் சொல்கிறான் கணவன். உறிஞ்சுகிறாள். இரத்தத்தின் சுவை நாக்கில் படுகிறது.

பேய் பிறக்கும் கணத்தை இவ்வளவு நியாயமாக அமைத்த பேய்ப்படங்கள் அபூர்வம். அவள் ஆசையால் கெடவில்லை, புருஷனைக் காப்பாற்றப் போய்க் கெடுகிறாள். மலாய் நம்பிக்கையில் பொந்தியானாக் என்பது பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி. பிடரியில் ஆணி அடித்தால் அடங்கி மனுஷியாகிவிடும். கேரளத்துக் கதைகளில் யட்சியின் தலையில் ஆணி அடித்து அவளைக் கட்டுகிறார்கள். நம்மூரில் பேய் பிடித்தவரின் உச்சிமுடியைப் புளியமரத்தில் ஆணியால் அறைகிறார்கள். ராவுக்கு இந்தப் பேயைப் புரிந்துகொள்ளப் பெரிய பாடம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் கதையை எழுதியவர் மலாய்ப் பத்திரிகையாளர் அப்துல் ரசாக். நாயகி மரியா மெனாடோ சுலாவெசித் தீவின் மெனாடோவைச் சேர்ந்தவர், ரசாக்கின் மனைவி. படம் அத்தனை பேரின் உழைப்பு. கேத்தே கொட்டகையில் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடியது. அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', அடுத்த ஆண்டு 'சும்பா பொந்தியானாக்' என்று இரண்டு தொடர்ச்சிகளையும் ராவே எடுத்தார். ஷா நிறுவனமும் விடவில்லை. 1958-இல் 'அனாக் பொந்தியானாக்' என்று தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது.

இதே காலத்துத் தமிழ்ப் படங்களோடு வைத்துப் பார்த்தால்தான் ராவின் துணிச்சல் தெரியும். 1951-இல் வந்த 'மர்மயோகி'க்குப் பேய்க் காட்சிகளுக்காகவே 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனால் அதில் உண்மையில் பேய் கிடையாது. செத்ததாக நினைத்த ராஜாதான் ஆவி போல வந்து போகிறார். தமிழ்ப் படம் பயமுறுத்திவிட்டுப் பகுத்தறிவுக்குத் திரும்பிவிடும். 'அந்த நாள்' (1954) தந்த எஸ். பாலசந்தர் போன்ற கெட்டிக்காரரின் நாட்டம் கொலைக் கதையில்தான் இருந்தது. சிங்கப்பூரின் பொந்தியானாக்கோ கடைசிவரை பேய்தான். படம் அவளை நம்புகிறது, அவளுக்காக அழவும் செய்கிறது. தமிழில் செய்ய முடியாததை ஒரு தமிழ்ப்பட இயக்குநர் மலாயில் செய்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

எண்ணெய் மனிதனுக்கு வருவோம். உடம்பெல்லாம் கரிய எண்ணெய் பூசி, கைக்கு அகப்படாமல் நழுவி, இரவில் பெண்களைத் தேடி வருபவன் ஒராங் மின்யாக். 1958-இல் எல். கிருஷ்ணன் கேத்தே-கெரிஸுக்காக 'ஒராங் மின்யாக்' எடுத்தார். அதே ஆண்டு ரம்லி தாமே இயக்கி நடித்த 'சும்பா ஒராங் மின்யாக்' ஷாவிலிருந்து வந்தது. இரண்டில் ரம்லியின் படமே சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊரார் எள்ளி நகையாடும் கூனனாக அவர் நடிக்கும் முற்பகுதியில் உள்ள வலி, பேய் வந்த பிறகும் நம்மை விட்டுப் போவதில்லை.

இதற்குள் காற்று திசை மாறியிருந்தது. 1957-இல் ஜாலான் அம்பாஸில் வேலைநிறுத்தம் நடந்தது. மலாய் வாழ்க்கையை இந்திய இயக்குநர்கள் தமிழ், இந்திப் படக் கதைகளுக்குள் திணிக்கிறார்கள் என்ற புகாரும் வலுத்தது. அந்தப் புகாரில் நியாயம் இருந்தது. பெயரை மட்டும் மாற்றி இறக்கிய கதைகள் பல. ரம்லி, ஹுசைன் ஹனிஃப், ஜமீல் சூலோங் முதலியோர் இயக்க வந்தபின் மலாய்ப் படத்துக்குத் தன் மண்ணின் பேச்சு கிடைத்தது. 'புஜாங் லாபோக்' சிரிப்புப் படங்களைப் பார்த்தாலே போதும். மூன்று பிரம்மச்சாரிகள், வாடகை அறை, வயிற்றுப்பாடு. 1961-இல் வந்த 'செனிமான் புஜாங் லாபோக்'கில் அந்த மூவரும் நடிக்க வாய்ப்புக் கேட்டு ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கே வருகிறார்கள். அந்தத் தொழிற்சாலையின் உள்ளே எப்படி இருந்தது என்று அறிய அதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை.

சாகசப் படங்களில் நம்மவர் கண் வைக்க வேண்டியது 1960-இல் சக்தி சாமந்தா எடுத்த 'சிங்கப்பூர்' என்ற இந்திப் படம். ஷம்மி கபூர், புதையல் வரைபடம், துரத்தல். அதில் நம் பத்மினியும் பொந்தியானாக் மரியா மெனாடோவும் சேர்ந்து நடித்தார்கள். பிற்பாடு தமிழ்ப் படக் குழுக்களே நேராக வந்திறங்கின. 'உலகம் சுற்றும் வாலிப'னில் (1973) எம்.ஜி.ஆர். ஆசியா முழுதும் சுற்றினார். சுஜாதாவின் 'ப்ரியா' நாவல் லண்டனில் நடப்பது. 1978-இல் எஸ். பி. முத்துராமன் அதைப் படமாக்கியபோது லண்டன் போய் சிங்கப்பூர் வந்தது, ரஜினி வக்கீல் கணேஷ் ஆனார். அடுத்த ஆண்டு கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்'. இவற்றை எல்லோரும் அறிவார்கள். ஊரைச் சுற்றிக் காட்டின, அதற்கு மேல் சிங்கப்பூர் அவற்றில் இல்லை.

எழுபதுகளின் அடிதடிப் படங்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். பீட்டர் சோங் என்ற கராத்தே ஆசான் நடித்த 'ரிங் ஆஃப் ஃபியூரி' (1973) குண்டர் கும்பலைக் காட்டியதற்காகத் தடை செய்யப்பட்டது. பிலிப்பைன்ஸின் பாபி சுவாரெஸ் 1978-இல் எடுத்த 'கிளியோபாட்ரா வோங்'கில் சிங்கப்பூர்ப் பெண் மேரி லீ சர்வதேசப் போலீஸாக வருகிறார். கள்ளநோட்டை ஸ்ட்ராபெரி ஜாம் புட்டிகளில் அடைத்துக் கடத்துகிறார்கள், கன்னிகாஸ்திரீ அங்கிக்குள்ளிருந்து துப்பாக்கி வெளியே வருகிறது. இத்தனை குதூகலமான சண்டைப்படம் இந்த ஊரில் அதன்பின் வரவில்லை. கல்ட் படம் என்ற பேர் அதற்கு முழுக்கத் தகும்.

படச்சுருள்களின் கதி வேதனையானது. 'பொந்தியானாக்' முதல் படம் இன்று இல்லை. கேத்தே-கெரிஸின் பங்குதாரர் ஹோ ஆ லோக் நிறுவனத்தைவிட்டுப் பிரிந்தபோது எடுத்துப்போன சுருளை ஒரு ஈயச்சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்பது திரைத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. மூன்றில் 'சும்பா பொந்தியானாக்' மட்டும் தப்பியது. 2005-இல் தொடங்கிய ஆசியத் திரைப்படக் காப்பகம் அதைச் செப்பனிட்டுக் காப்பாற்றியது. கேத்தே-கெரிஸின் 91 மலாய்ப் படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் ஏறின. 2019-இல் கிளென் கோயும் கேவின் யாப்பும் 'ரிவெஞ்ச் ஆஃப் தி பொந்தியானாக்' எடுக்க முடிந்ததற்கு இந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம் என்பேன். வேர் கண்ணில் பட்டால்தான் கிளை துளிர்க்கும்.

சிங்கப்பூரில் தமிழில் இந்த வகைப் படங்கள் என்ன வந்திருக்கின்றன? எரிக் கூ 2008-இல் எடுத்த 'மை மேஜிக்' தமிழ் பேசும் படம். கண்ணாடியை மென்று நெருப்பை விழுங்கும் குடிகார வித்தைக்காரராக பாஸ்கோ ஃபிரான்சிஸ் வருகிறார். கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குச் சென்ற முதல் சிங்கப்பூர்ப் படம் அது. 2010-இல் டி. டி. தவமணி போதைப்பொருள் உலகை வைத்து 'குருஷேத்திரம்' எடுத்தார். வசந்தம் ஒளிவழியில் 'வேட்டை' போன்ற போலீஸ் தொடர்கள் வந்தன. பேயை மட்டும் நாம் தமிழ்நாட்டிலிருந்தே இறக்குமதி செய்கிறோம். மெக்கன்சி சாலை ரெக்ஸ் கொட்டகையில் 'காஞ்சனா' பார்த்து அலறிய தலைமுறைக்குத் தன் ஊர்ப் பேய் திரையில் கிடைக்கவில்லை.

சரக்கு இல்லாமல் இல்லை. குயின்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் 1930-களில் ரயில்வே தொழிலாளர்கள் எழுப்பியது. இரவில் காவல் சுற்றும் சாமி, ரயில் குடியிருப்பு, பின்னாளில் பெயர்த்தெடுத்த தண்டவாளம். செம்பவாங் கடற்படைத் தளத்தின் தமிழ்க் குடியிருப்பு இன்னொன்று. கெல்வின் டோங் 'தி மெய்ட்' (2005) படத்தில் சீனரின் ஏழாம் மாதப் பேய்களையும் பிலிப்பினோ பணிப்பெண்ணின் தனிமையையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக் காட்டினார். அதே உழைப்பை முனீஸ்வரனுக்குச் செலுத்தும் ஓர் உள்ளூர்த் தமிழ் இயக்குநர், முதலில் காப்பகத்துக்குப் போய் 'சும்பா பொந்தியானாக்'கைப் பார்க்க வேண்டும். இறந்த தாய் தன் மகளையும் ஊரையும் காக்க எழுந்து வரும் அந்த அகலத்திரைப் படத்தில், சாலிவாகனன் காலத்துத் தமிழ் சினிமா இந்த மண்ணுக்கு ஏற்ப எப்படி மாறியது என்பது காட்சிக்குக் காட்சி பதிவாகியிருக்கிறது.