வண்டியின் விலையும் வண்டியின் உழைப்பும்

வட்டக்கச்சியில் ஓர் உழவு இயந்திரம், இரணைமடுச் சந்தியில் ஓர் ஓட்டோ, முரசுமோட்டையில் ஒரு மோட்டார் சைக்கிள். மூன்றும் லீசிங்கில் எடுத்தவை. இன்று அவற்றை விற்றால் வரும் காசு, அவற்றுக்காகப் பட்ட கடனை அடைக்கப் போதாது. வன்னியில் இப்படி நிற்கும் குடும்பங்களைத் தேடி அலையத் தேவையில்லை. இந்த நிலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. தகுதிக்கு மீறி வாங்கினார்கள் என்பது ஒன்று. கம்பனிகள் ஏமாற்றின என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளந்து பார்த்து ஒரு முடிவுக்கு வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், ஏன் வாங்கினார்கள் என்ற கேள்வி. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னி மக்களின் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் முள்ளிவாய்க்கால் மணலில் இரும்புக் குவியலாகக் கிடந்தன. கிளிநொச்சியிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து கைவீசிக்கொண்டு திரும்பினார்கள். வயல் இருந்தது, குளம் இருந்தது, உழ இயந்திரம் இல்லை. ஆகவே இங்கே வாகனம் வாங்கியது ஆடம்பரம் என்று சொல்வது வரலாறு அறியாத பேச்சு. பெரும்பாலானோர் புதிதாக ஒன்றைச் சேர்க்கவில்லை, இழந்ததை மீட்கப் பார்த்தார்கள்.

அந்த வேளையில் லீசிங் கம்பனிகள் செய்த நன்மையையும் மறைக்கக்கூடாது. வன்னிக் காணிகளில் பெரும்பகுதி அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி. உறுதி இல்லாத காணியை வைத்து வங்கியில் பெரிய கடன் எடுப்பது எளிதல்ல. போரில் ஆவணங்களையே தொலைத்தவர்கள் பலர். வாங்கும் வாகனத்தையே பிணையாக ஏற்றுக்கொண்டு கடன் தர முன்வந்தவர்கள் லீசிங்காரர்தான். ஏ9 வீதியில் அவர்களுடைய கிளைகள் திறந்திராவிட்டால் பல வயல்கள் இன்னும் சில போகங்களுக்குத் தரிசாகவே கிடந்திருக்கும். ஆகவே கடன் வந்ததில் தவறில்லை. அது எந்த வடிவில் வந்தது என்பதில்தான் சிக்கல்.

அந்த வடிவத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உழவு இயந்திரம் ஒன்றின் விலை 20 இலட்சம் என்று வைப்போம். முற்பணம் 5 இலட்சம், லீசிங் 15 இலட்சம், 60 மாதத் தவணை. குறைந்துவரும் நிலுவையில் மாதம் 2.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 30 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 48,530 ரூபா. இதையே, நிலுவை குறைந்தாலும் முழு முதலுக்கும் கடைசிவரை வட்டி கணக்கிடும் ‘பிளாட் ரேட்’ என்ற முறையில் சொன்னால் ஆண்டுக்கு 18.8 சதவீதம்தான் என்று வரும். கடன் ஒன்றே, தவணையும் ஒன்றே. ஒரு முறையில் 30, மற்ற முறையில் 19க்கும் குறைவு. மேசைக்கு எதிரே இருப்பவர் எந்த எண்ணை முதலில் கேட்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஆண்டு முழுவதும் ஒரு தவணையும் தவறாமல் கட்டினால் 582,360 ரூபா போயிருக்கும். அதில் முதலிலிருந்து கழிந்தது ஏறத்தாழ 152,000 ரூபா மட்டுமே. நிலுவை இன்னும் 13 இலட்சத்து 48 ஆயிரம். இதற்குள் இயந்திரம் ஒரு வருடம் சேற்றிலும் கிரவல் பாதையிலும் ஓடிவிட்டது. இப்போது அதற்கு 17 இலட்சம் கிடைக்கும் என்று வைத்தால், கம்பனியின் கணக்கில் எந்த ஆபத்தும் இல்லை. கடனைவிட வண்டி பெறுமதி கூடியது. ஆனால் அந்த 5 இலட்சம் முற்பணம் எங்கிருந்து வந்தது? வன்னியில் அது பெரும்பாலும் சேமிப்பிலிருந்து வருவதில்லை. மனைவியின் தாலிக்கொடியும் காப்பும் அடகு போகின்றன, சீட்டு எடுக்கப்படுகிறது, நுண்கடன் குழுவில் கையெழுத்து விழுகிறது. அந்தக் கடனையும் சேர்த்தால் வீட்டின் மொத்தக் கடன் 18 இலட்சத்தைத் தாண்டிவிடும், அடகு வட்டி தனி. கம்பனியின் புத்தகத்தில் மிதக்கும் வண்டி, வீட்டின் கணக்கில் மூழ்கியிருக்கிறது.

இலங்கை மத்திய வங்கியின் மருந்தை இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். வாகனப் பெறுமதியில் எத்தனை சதவீதம்வரை கடன் கொடுக்கலாம் என்று அது உச்சவரம்பு விதிக்கிறது. 2017 ஜனவரியில் முச்சக்கரவண்டிகளுக்கு அந்த வரம்பு 25 சதவீதமாக்கப்பட்டது. 2025 ஜூலையில் அது 50 சதவீதமானது. கடன் கொடுத்த நிறுவனத்தைக் காப்பதற்கு இது நல்ல கருவி, இறக்குமதியை அடக்கவும் உதவும். கடன் வாங்கிய குடும்பத்தை இது காக்கிறதா? விலையில் கால் பங்கைத்தான் லீசிங் தரலாம் என்றிருந்த காலத்தில் மீதி முக்கால் பங்கு எங்கிருந்து வந்திருக்கும்? கையில் காசுள்ளவருக்கு அது கேள்வியே அல்ல. இல்லாதவர் ஒன்றில் வாங்காமல் விடுவார், இல்லையேல் அடகுக் கடைக்கும் வட்டிக்காரரிடமும் போவார். வரம்பு அளப்பது ஒரு கடனை. குடும்பம் சுமப்பது எல்லாக் கடனையும். ஆகவே இந்த மருந்து பாதி நோய்க்கே.

மற்றப் பாதி நாட்காட்டியில் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. காலபோகத்தில் அத்தனையும் விதைபடும். சிறுபோகத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பது குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்தில்தான் தீர்மானமாகும். தண்ணீர்ப் பங்கு குறைந்த வருடத்தில் உழவும் குறையும். உழுத கூலியும் உடனே கைக்கு வராது. “வெட்டினாப் பிறகு தாறன் அண்ணை” என்பதுதான் இங்கே வழக்கம். இயந்திரக்காரர் டீசலைத் தன் காசில் அடித்து, ஏக்கர் கணக்கைக் கொப்பியில் எழுதிவைத்து, அறுவடை வரை காத்திருப்பார். நெல் விலை விழுந்தால் அதன்பிறகும் காத்திருப்பார். ஆக, அவருக்கு வருமானம் வருடத்தில் இரண்டு முறை. தவணையோ பன்னிரண்டு முறை. இடைப்பட்ட மாதங்களில் தவணை பிந்தும், பிந்தியதற்குத் தாமத வட்டி ஏறும், அதைக் கட்ட இன்னொரு கைமாற்று வரும். வண்டியின் பெறுமதியைக் கடன் தாண்டுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

2020க்குப் பிந்திய ஐந்து வருடங்கள் இதற்கு ஒரு பெரிய சோதனையாக அமைந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிய வண்டி வராததால் பழைய வண்டிகளின் விலை ஏறியது. கடன் வண்டியின் விலையைத் தாண்டுவதே பிரச்சினை என்றால், அந்த வருடங்களில் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலகியபோது காலபோகம் தொடங்கிவிட்டது, விளைச்சல் விழுந்தது. 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் கடைசியில் 460 ரூபா. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல். வாரம் 5 லீற்றரில் ஓடும் ஓட்டோ எப்படி மாதத் தவணை உழைக்கும்? சந்தையில் அதன் விலை ஏறிக்கொண்டிருந்தது, உழைப்போ அற்றுப்போனது. விற்று வெளியேறலாமே என்பார்கள். தொழிலுக்கு இருந்த ஒரே வண்டியை விற்றவர், அடுத்த நாள் எதைக்கொண்டு உழைப்பது?

இதிலிருந்து நான் எடுக்கும் பாடம் இதுதான்: தொழில் வாகனம் ஒன்றின் கடனை அதன் சந்தை விலையோடு ஒப்பிடுவது பிழையான அளவுகோல். அது உழைக்கும் காசோடு, அந்தக் காசு வரும் காலத்தோடு ஒப்பிட வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய வண்டியை ஏறிய விலைக்கும், உச்சத்தில் நின்ற வட்டிக்கும் எடுத்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் கடன் வட்டி வீதம் 16.5 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் அது பாதியாக இறங்கியது. ஆனால் அப்போது நிலையான வட்டியில் ஐந்து வருட ஒப்பந்தம் எழுதியவரின் தவணை இறங்கவில்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்தது. வண்டி விலை இறங்கினால் அந்த இறக்கத்தைத் தாங்க வேண்டியவரும் அவரே.

இனி, தவணை தவறியபின் நடப்பதைப் பார்ப்போம். நிதிக் குத்தகைகளை ஆள்வது 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். பதிவுப் புத்தகத்தைத் திறந்தால், ஓட்டுபவரின் பெயர் பதிவுசெய்த உரிமையாளர் என்ற இடத்தில் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். நம் உதாரணத்தில் 13ஆம், 14ஆம், 15ஆம் தவணைகள் தவறிவிட்டன என்று வைப்போம். சாதாரண வட்டியிலேயே நிலுவை 14 இலட்சத்து 51 ஆயிரமாகிவிடும். அதன்மேல் தாமத வட்டி, வண்டியைத் தூக்க வந்த செலவு, யார்ட்டில் நிறுத்திய வாடகை. யார்ட்டில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி, ஏலத்தில் 12 இலட்சத்துக்குப் போனால் இரண்டரை இலட்சத்துக்கு மேல் துண்டு விழும். அந்தத் துண்டை வாங்கியவரிடமும் பிணை நின்றவர்களிடமும் கேட்டுக் கடிதம் வரும். பிணை நின்றவர் பெரும்பாலும் மச்சானோ பக்கத்து வளவுக்காரரோதான். வண்டி இல்லை, நகை அடகில், கடன் மட்டும் மிச்சம். மூன்று தவணை தவறியதற்கு இந்தத் தண்டனை பொருத்தமானதா?

வாங்கியவரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர்கள் உண்டு. ஒரு ஓட்டோவே அதிகம் என்ற சந்தியில் பத்தாவது ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் உண்டு. வெளிநாட்டிலுள்ள தம்பி தவணையைப் பார்த்துக்கொள்வான் என்று நம்பி, தேவைக்கு மேல் பெரிய வண்டி எடுத்தவர்களும் உண்டு. இவை பிழைகள்தாம். ஆனால் ஒப்பந்தத்தின் இருபக்கமும் சமமான அறிவோடு இருக்கவில்லை. வாங்கியவர் வாழ்நாளில் ஓரிரு முறை லீசிங் எடுப்பார். கொடுத்தவர் அதையே தினமும் செய்பவர். எந்தச் சந்தியில் எத்தனை ஓட்டோவுக்குக் கடன் கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும், எந்த மாதத்தில் தவணை பிந்தும் என்பதும் தெரியும். தெரிந்தவரின் பொறுப்பு கூடியது.

இது வன்னிக்கு மட்டும் உரிய நோயல்ல. அமெரிக்காவில் பழைய காரின் தீராத கடனைப் புதிய காரின் கடனோடு சேர்த்துக் கட்டுவது சாதாரணமாகிவிட்டது. அப்படிக் கடனோடு மாற்றப்படும் கார்களில் சராசரித் துண்டு 6,000 டொலருக்கு மேல். ஆனால் மருந்துகளும் உலகில் உண்டு. பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, தவணைமுறையில் வாங்கியவர் மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியிருந்தால் வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம். மேலே சொன்ன உழவு இயந்திரத்துக்கு அந்த விதி இருந்திருந்தால், முற்பணத்தையும் சேர்த்து, 25ஆம் தவணையோடு அந்த உரிமை வந்திருக்கும். இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஓகஸ்ட்டில் விடுத்த சுற்றறிக்கை, தாமதக் கட்டணத்தை முதலோடு சேர்த்து அதன்மேல் வட்டி ஏற்றுவதைத் தடுத்தது. கடன் வசூலிக்க அடியாட்களை ஏவக்கூடாது என்று 2007இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வாகனக் கடன் வழக்கிலேயே கண்டித்துச் சொன்னது.

இங்கே வந்த நிவாரணங்களோ அரைகுறை. 2018இல் வரட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் வரை நுண்கடன் பெற்ற பெண்களின் கடனை அரசு தள்ளுபடி செய்தது. வாகனக் குத்தகை அதில் சேரவில்லை. 2020 கொரோனாக் காலத்தில் ஓட்டோ முதலியவற்றின் தவணை ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஓடியது.

கம்பனிகள் தரப்பில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. துண்டு விழுந்த காசைக் கேட்க முடியாது என்றால் வன்னிக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிடுவோம், பாதிக்கப்படுவது ஏழைதான் என்பார்கள். இதை இலேசாகத் தள்ள முடியாது. உறுதி இல்லாதவனுக்குக் கடன் தந்த ஒரே கதவு அது. ஆனால் நம் உதாரணத்தின் 30 சதவீதம் போன்ற வட்டி எதற்காக வாங்கப்படுகிறது? இந்தக் கடன் திரும்பாமல் போகலாம் என்ற ஆபத்துக்காக என்பதுதான் அவர்களுடைய விளக்கம். ஆபத்துக்கு விலை வாங்கியபின், ஆபத்து வந்ததும் அதன் முழுச் சுமையையும் வாங்கியவர் தலையிலும் பிணைக்காரர் தலையிலும் இறக்குவது நியாயமல்ல. ஒன்றில் வட்டி இறங்க வேண்டும், இல்லையேல் நட்டத்தில் பங்கு ஏற்க வேண்டும்.

என் முடிவு இது. பொறுப்பின் பெரும்பங்கு, மாதச் சம்பளக்காரனுக்காகச் செய்த ஒப்பந்தத்தைப் போகத்துக்குப் போகம் உழைப்பவனுக்கு விற்ற கம்பனிகளுடையது. அடுத்தது, உரத்திலும் எரிபொருளிலும் தன் தீர்மானங்களால் வண்டிகளின் உழைப்பைக் கெடுத்துவிட்டு, பாதி மருந்தோடு நின்ற அரசினுடையது. வாங்கியவரின் பங்கு உண்டு, அது மூன்றாவது. இந்த வரிசைப்படியே திருத்தமும் வர வேண்டும். தொழில் வாகனக் குத்தகையில் பாதிக்கு மேல் கட்டியவர் வண்டியைக் கொடுத்துக் கணக்கை முடிக்கச் சட்டம் இடம் தர வேண்டும். தாமத வட்டிக்கு வட்டி ஏறக்கூடாது. பிளாட் ரேட்டைச் சொல்லி விற்பதைத் தடைசெய்து, உண்மை வட்டியைத் தமிழில் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். சில நிறுவனங்கள் சலுகையாகக் கொடுக்கும், அறுவடையோடு கட்டும் தவணை, வயல் வருமானத்தை நம்பிய எல்லாக் குத்தகைக்கும் விதியாக வேண்டும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைக்கப்படும் வருடத்தில் அந்தப் போகத் தவணை வட்டியின்றிப் பின்தள்ளப்பட வேண்டும். குளத்தில் தண்ணீர் இல்லாததற்குக் கமக்காரன் அபராதம் கட்டுவதில் எந்த நியாயமும் இல்லை.