மூன்று புள்ளியும் நான்கு புள்ளியும்

பழைய ஆக்கமொன்றைப் புதிய சாதனத்துக்கு மாற்றுவோர் அதனைத் திருத்தலாமா என்ற வினா, ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போருக்குப் புதியதன்று. வீடியோ விளையாட்டுக் கருவிகளின் தொழிற்பாட்டைக் கணினியில் மீளச்செய்யும் 'எமுலேற்றர்' நிரல்களைப் பொறுத்தும் இவ்வினா எழுகின்றது. 1996 இல் ஜப்பானில் வெளிவந்த நின்ரெண்டோ 64 இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அக்கருவியில், பொருள்களின் மேற்பரப்பிற் போர்த்தப்படும் சித்திரங்களுக்கென அமைந்த உள்நினைவகம் 4 கிலோபைற் மாத்திரமே. ஆதலாற் சிறு சித்திரங்கள் பெரும் பரப்பில் விரிக்கப்பட்டன. அவ்வாறு விரிக்கையிற் புலப்படும் கட்டங்களை மறைப்பதற்கு, அயற்புள்ளிகளின் நிறங்களைக் கலத்தல் வேண்டும். கணினியின் வரைகலை அட்டைகள் இதற்கு நான்கு புள்ளிகளைக் கொண்டன. நின்ரெண்டோ 64 இன் சில்லோ, அந்நான்கும் அமைக்கும் சதுரத்தை மூலைவிட்டத்தால் இரு முக்கோணங்களாக்கி, உரிய முக்கோணத்தின் மூன்று புள்ளிகளை மாத்திரம் கலந்தது. இச்சிக்கனத்தின் தடயமாக, விரிந்த சித்திரங்களில் ஒரு சாய்வு தங்கிவிட்டது.

1999 இல் வெளிவந்த அல்ட்ரா எச்.எல்.ஈ. என்னும் எமுலேற்றர், வரையும் பணியை வூடூ வரைகலை அட்டையிடம் ஒப்படைத்தது. மூன்று புள்ளியின் இடத்தை நான்கு புள்ளி பெற்றது, படமும் தெளிவுற்றது. ஆயினும் அத்தெளிவு மூலத்துக்குரியதன்று.

சாய்வு கலைஞர் விரும்பிய பண்பன்று, சில்லின் வறுமையே எனச் சிலர் வாதிடலாம். அக்காலத் தொலைக்காட்சித் திரை அதனை ஓரளவு மழுக்கியிருக்கும் என்பதும் உண்மையே. எனினும், விளையாடியோர் கண்டது அவ்வறுமையினூடாக வெளிப்பட்ட உருவையே. வறுமையை நீக்கும்போது, ஒரு காலம் தன் வரையறைக்குள் நின்று எதைச் சாதித்தது என்பதை அளக்கும் கோலும் நீங்கிவிடுகின்றது.

சில்லின் ஒவ்வொரு படியையும் நுணுகிப் பின்பற்றும் அங்கிரிலயன் நிரல் பொதுக் கணினிகளில் மிக மெதுவாகவே இயங்கிற்று. 2020 இல் வெளிவந்த பரலெல் ஆர்.டி.பி., அதே நுணுக்கத்தை வரைகலை அட்டையின் பொதுக் கணிப்பாற்றலைக் கொண்டு விரைவாகச் சாதித்தது. எனவே 'இயலாது' என்னும் நியாயம் வலுவிழந்துவிட்டது. எஞ்சுவது சுவை பற்றிய தெரிவே.

மெருகேறிய படத்தை ஒருவர் விரும்புவதிற் குற்றமில்லை. ஆனால், திருத்திய பாடத்தைத் திருத்திய பாடமென்றே குறிப்பது பதிப்பாசிரியன் கடன். எமுலேற்றரை ஆக்குவோனும் அக்கடனுக்கு உட்பட்டவனே.