புழல் ஏரியின் வான்படைத் தளம்: நினைவெழுத்தும் அதன் மௌனங்களும்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது சென்னைக்கு வடமேற்கிலுள்ள செங்குன்றத்தில், புழல் ஏரியின் நீர்ப்பரப்பில், பிரித்தானிய அரச வான்படையின் கடல்விமானத் தளம் ஒன்று இயங்கியது. இத்தகைய தளங்களில் பணியாற்றிய வீரர்களின் நினைவுரைகள் பிரித்தானியாவில் தனியொரு எழுத்துவகையாக வளர்ந்துள்ளன. வடசென்னையின் வாய்மொழி வழக்கிலோ தமிழ்ப் புனைவிலோ இத்தளத்துக்குரிய இடம் உருவாகவில்லை. இந்த ஏற்றத்தாழ்வின் காரணங்களையும், அயலார் நினைவுரைகளை உள்ளூர் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளும்போது பின்பற்ற வேண்டிய வாசிப்பு நெறியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புழல் ஏரி, செங்குன்றம், வடசென்னை, நினைவெழுத்து, கடல்விமானம், வண்ணாரப்பேட்டை, வாய்மொழி வரலாறு

முன்னுரை

‘கடல்கடந்த தளம்’ என்னும் தொடரைக் கேட்டவுடன், கடலைக் கடந்தவர் யார் என்ற வினா எழ வேண்டும். இலண்டனிலிருந்து நோக்கினால் செங்குன்றம் கடல்கடந்த தளம். வண்ணாரப்பேட்டையிலிருந்து நோக்கினால் அது மூலக்கடை, மாதவரம் வழியாகச் செல்லும் பெருவடக்குச் சாலையில் சில கல் தொலைவிலுள்ள பழகிய ஊர். தொண்டைமண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த புழல் அங்கேயே உள்ளது. திருவொற்றியூரும் அக்கோட்டத்தைச் சேர்ந்ததாகவே கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. ஆக, ஒரே நிலப்பகுதி ஒருவருக்குப் பணிமாற்ற ஊராகவும் மற்றவருக்குப் பிறந்த மண்ணாகவும் இருந்தது. இவ்விரு நிலைகளில் முதலாவது எழுத்தாயிற்று, இரண்டாவது எழுத்தாகவில்லை. இதனைத் தற்செயல் என்று கடந்துபோக இயலாது.

தளமும் காலமும்

1942ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம் வங்கக் கடலின் போர்நிலையை மாற்றியது. ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலைத் தளத்திலிருந்து புறப்பட்ட கனடிய வான்படையின் கட்டலினா வகைக் கடல்விமானம் ஒன்று, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த சப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள் கொழும்பும், 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. சென்னையில் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர்.

இச்சூழலில்தான் அதே ஆண்டில் அரச வான்படையின் 240ஆம் படையணி கட்டலினா விமானங்களுடன் செங்குன்றத்துக்கு வந்தது. பின்னர் 191ஆம் படையணியும் அங்கிருந்து இயங்கியது. வணிகக் கப்பல்களுக்குத் துணை செல்லுதல், நீர்மூழ்கிகளைத் தேடுதல், வங்கக் கடலின் மேல் நெடுந்தொலைவு காவல் பறத்தல் ஆகியவை அவற்றின் முதன்மைப் பணிகள். ஒரு பறத்தலில் பல மணிநேரம், சிலபோது ஒரு பகலும் இரவும் வானில் தங்கும் ஆற்றல் கட்டலினாவுக்கு உண்டு. அதற்கு ஓடுதளம் தேவையில்லை. அலையடங்கிய நீண்ட நீர்ப்பரப்பே தேவை. இயற்கைத் துறைமுகம் அற்ற சென்னைக் கடற்கரையில் அது கிடைக்காது. துறைமுகத்துக்கு அண்மையில் அது கிடைத்த இடம் புழல் ஏரி.

அந்த ஏரியே சென்னையின் குடிநீர் நிலை என்பது இங்கு மறக்கலாகாதது. 1872இலிருந்து அதன் நீர் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இன்று அதன் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. நகரம் பருகிய நீரின்மேல் போர்விமானங்கள் மிதவைகளில் கட்டப்பட்டு நின்றன என்பது, வடசென்னையின் போர்க்கால வரலாற்றில் எளிதில் ஒதுக்கத்தக்க செய்தியன்று.

நினைவுரை என்னும் வகைமை

பிரித்தானிய வான்படையினரின் நினைவுரைகள் பலவகையில் சேகரிக்கப்பட்டுள்ளன. இலண்டனின் பேரரசுப் போர் அருங்காட்சியகம் குரற்பதிவுகளைப் பேணுகிறது. 2003க்கும் 2006க்கும் இடையில் பிபிசி நிறுவனம் பொதுமக்களின் போர்நினைவுகளாக ஏறத்தாழ 47,000 கதைகளைத் திரட்டியது. இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியோரின் இத்தகைய உரைகளை ஒருசேரப் படிக்கும்போது, தனிமனித வேறுபாடுகளை மீறிய பொது அமைப்பு ஒன்று தென்படுகிறது. படைக்கப்பலில் வருகை, இடைத்தங்கல் முகாம், நெடிய இரயில் பயணம், வெயிலும் மழையும், கொசுவலை, மலேரியா, திரைப்படம், பணியாட்கள், இறுதியில் விடைபெறல் என்று அது நகரும். கதையின் காலம் பணிமாற்ற ஆணையால் தொடங்கி மற்றோர் ஆணையால் முடிகிறது. சொல்பவர் புறப்பட்டதும் ஊரும் கதையிலிருந்து நீங்கிவிடுகிறது.

இவ்வுரைகளைக் காலனியப் பார்வை என்று ஒற்றைச் சொல்லால் தள்ளுவது முறையன்று. இவற்றை உரைத்தோருள் பெரும்பாலார் இருபது வயதைத் தொட்ட இளைஞர்கள். தாமாகத் தேர்ந்து வந்தவர் அல்லர். கடலன்றி வேறெதுவும் காணாத பறத்தல்களின் சலிப்பும், திரும்பி வராத தோழர்களின் நினைவும் இவ்வுரைகளில் உண்மையானவை. விமானத்தை நீரிலிருந்து கரையேற்றுவது, மிதவையில் கட்டுவது, படகிலிருந்து எரிபொருள் ஊட்டுவது ஆகியவை பற்றிய நுட்பச் செய்திகளில் இவற்றுக்கு நிகரான சான்று அரிது. குறை, உரைப்போரின் நேர்மையில் இல்லை. வகைமை அவர்களுக்கு அளித்த கண்களில் உள்ளது.

‘தோபி’ என்னும் சொல்

அக்கண்களை அறிவதற்குச் சொல்லாட்சியே சிறந்த வழி. இந்நினைவுரைகளில் உள்ளூர் மக்கள் பெரும்பாலும் பெயரால் வருவதில்லை, தொழிலால் வருகின்றனர். துணி வெளுப்பவர் ‘தோபி’, தேநீர் கொணர்பவர் ‘சார் வாலா’, படுக்கும் கட்டில் ‘சார்பாய்’. இவை எவையும் தமிழ்ச்சொற்கள் அல்ல. வடஇந்தியப் படைமுகாம்களில் ஆங்கிலப் படையினர் கைக்கொண்ட இந்துஸ்தானிச் சொற்கள் இவை. கராச்சியிலிருந்து சிங்கப்பூர்வரை படையுடனேயே பயணம் செய்தவை. எனவே சென்னையைப் பற்றிய ஒரு நினைவுரையில் இச்சொற்கள் நிறைந்திருந்தால், அப்பகுதி ஊரைக் கண்டு சொன்னது அன்று, படையின் பொதுக்கதையிலிருந்து வந்தது என்று ஐயுற இடமுண்டு. இதற்கு மாறாக, ஓர் உள்ளூர்ப் பெயரோ பிழைபட ஒலிபெயர்த்த ஒரு தமிழ்ச்சொல்லோ தோன்றும் இடத்தில், உரைப்பவர் உண்மையாகவே ஒருவரை நேரில் கண்டு பேசியிருக்க வாய்ப்புண்டு. பிழைபட்ட தமிழ்ச்சொல், பிழையற்ற படைச்சொல்லைவிட மதிப்புமிக்க சான்று.

இவ்வளவுகோலுக்கு ஒரு வரம்பும் உண்டு. ‘டோபி’, ‘டோபிகானா’ ஆகியவை சென்னைப் பேச்சுவழக்கிலும் புகுந்துவிட்டன. ஆகவே சொல்லின் தோற்றம் மட்டும் போதாது. அது எந்தச் சொற்களின் கூட்டத்தில் வருகிறது என்பதையும் நோக்க வேண்டும்.

வண்ணாரப்பேட்டையை முன்வைத்து இச்சொல்லைப் படிப்பதில் தனிப்பொருள் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துத் தந்தோரின் குடியிருப்பு என்பதால் அப்பேட்டை அப்பெயர் பெற்றது. முகாமுக்குத் துணி வெளுத்தவர்கள் இங்கிருந்து சென்றனர் என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. ‘தோபி’ என்ற சொல் எதை மறைக்கிறது என்பதே வினா. படைவீரருக்கு அவர் கூலிக்கு வேலை செய்த ஒருவர். தமிழ்ச் சமூகத்தில் அவர் ஒரு சாதியினர். ஊர்க்கடமையும் தானியப் பங்கும் இழிவும் பிணைந்த உறவில் வைக்கப்பட்டவர். முகாம் வேலைக்குக் கிடைத்தது காசுக்கூலி எனில், அது அவ்வுறவை எவ்வாறு அசைத்தது? மூன்றாண்டுகளுக்குப் பின் முகாம் கலைந்தபோது அவர் பழைய உறவுக்குத் திரும்பினாரா, நகருக்கு வந்தாரா? படைவீரரின் நினைவுரை இவ்வினாக்களுக்கு விடை தராது. ஏனெனில் அதன் சொல்லகராதியில் இவ்வினாவுக்கே இடமில்லை.

எம்டனும் கட்டலினாவும்

இனித் தமிழ்ப் பக்கத்தின் மௌனத்தைக் காண்போம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு செர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுகளால் தாக்கி, எண்ணெய்க் கிடங்குகளை எரித்துச் சென்றது. தாக்குதல் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஆயினும் ‘எம்டன்’ என்பது திறமும் தந்திரமும் துணிவும் மிக்கவரைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாக நிலைத்துவிட்டது. கட்டலினா விமானங்களோ ஏறத்தாழ மூன்றாண்டுகள் நகரின் குடிநீர்மேல் ஏறி இறங்கின. பொதுவழக்கில் ஒரு சொல்லையும் விட்டுச்செல்லவில்லை. அரைமணி நேரம் சொல்லாகி, மூன்றாண்டுகள் மறதியாகியது ஏன்?

மூன்று காரணங்கள் கருதத்தக்கவை. முதலாவது, மக்கள் நினைவு நிகழ்ச்சியைப் பற்றிக்கொள்கிறது, வழமையை விட்டுவிடுகிறது. எம்டன் ஒருமுறை வந்தது. கட்டலினா நாள்தோறும் பறந்தது. 1943 அக்டோபரில் சப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசியது இன்றும் நகர வரலாறுகளில் பேசப்படுவதும், அதே மாதத்துப் பெருமழையும் கூவம் வெள்ளமும் நினைவில் நிற்பதும் இதே நெறியால்தான். இரண்டாவது, போர்க்காலத் தணிக்கை. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ப் படைத்தளங்கள் பற்றித் தமிழ் இதழ்கள் எழுத இயலாது. அன்று அச்சேறாத செய்தி, பின்னர் நினைவுக்கு ஊன்றுகோலாக அமையவில்லை. மூன்றாவது, கேட்பார் இன்மை. பர்மாவிலிருந்து 1942இல் நடந்து வந்தோரின் துயரும், 1960களில் திரும்பி வியாசர்பாடி முதலிய பகுதிகளில் குடியேறியோரின் வாழ்வும் வடசென்னையின் போர்நினைவைப் பெரிதும் நிரப்பின. அது நியாயமே. ஆனால் ஏரிக்கரையில் மண் சுமந்தவரையும் படகு தள்ளியவரையும் எவரும் வினவவில்லை.

தமிழ்ப் புனைவும் இந்நெறியிலேயே சென்றுள்ளது. போர்க்காலத்தை எழுதிய ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மேடானையும் பினாங்கையும் களமாகக் கொண்டது. கடல்கடந்த தமிழரின் போரை நம் நாவல் கண்டது; கடல்கடந்து வந்தவரின் போர் நம் ஏரியில் நடந்ததை அது காணவில்லை.

இரு ஒப்பீடுகள்

இம்மௌனம் தவிர்க்க இயலாதது அன்று என்பதற்குக் கொக்கலை ஒரு சான்று. அங்கு வான்படைத் தளத்துக்காகக் கிராமத்தவர் வெளியேற்றப்பட்டனர். அவ்வூரில் பிறந்த சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க தம் எழுத்தால் ஊரின் வாழ்வை நிலைநிறுத்தினார். எஞ்சி நின்ற அவருடைய பிறந்த வீடு இன்று அருங்காட்சியக வளாகத்தின் பகுதி. அங்கு தளத்தின் கதையைச் சொல்லும்போதே இழந்த ஊரின் கதையும் உடன்வருகிறது.

மற்றொரு சான்று சிங்கப்பூரின் சிலேத்தார். அத்தளத்தை அண்டி வளர்ந்த சாலான் காயு என்னும் சாலைப்பெயரே, தளத்தை அமைத்த பொறியாளர் வுட்ஸின் பெயரை மலாயில் பெயர்த்தது என்பர். அங்கு 1979இல் அரசே வாய்மொழி வரலாற்று அமைப்பை நிறுவியது. 1971க்குள் பிரித்தானியப் படை வெளியேறியபோது வேலையிழந்தோரின் வாழ்வும் வரலாற்றுப் பொருளாயிற்று. ஒன்றில் எழுத்தாளர், மற்றொன்றில் நிறுவனம். செங்குன்றத்துக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

வாசிப்பு நெறி

அண்மைக்கால உள்ளூர் வரலாற்று எழுத்துகள் இவ்வெற்றிடத்தை நிரப்ப, வான்படையினரின் நினைவுரைகளை அப்படியே எடுத்தாளும் போக்குக் கொண்டுள்ளன. தகவல் கிடைக்கிறது, உடன் அவர்களின் பார்வையும் வந்து அமர்ந்துவிடுகிறது. இதற்கு எதிர்நிலையில், பெயரறியாத் தொழிலாளியின் குரலைக் கற்பனையால் படைத்து அதனை வரலாறு என்று வழங்குவதும் உண்டு. இரண்டும் ஒரே பிழையின் இருமுகங்கள்: சான்றில்லாத இடத்தைச் சான்றுள்ளதுபோல் காட்டுதல்.

மாற்றாக மூவகைச் சான்றுகளை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசையில் படையணிகளின் செயற்பதிவேடுகள் உள்ளன. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், வானிலை, பணி ஆகியவை அவற்றில் நாள்வாரியாக உண்டு. நினைவுரையின் காலப்பிழைகளை இவை திருத்தும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் போர்க்கால அரசாணைகளில் நிலம் கையகப்படுத்தல், குடிநீர்ப் பாதுகாப்பு, கூலி ஆகியவை குறித்துத் தேடுவது அடுத்த படி. மூன்றாவதாக, புழல், செங்குன்றம், மாதவரம் பகுதிக் குடும்பங்களின் வாய்மொழி.

இம்மூன்றாவது சான்றுக்குக் காலம் மிகக் குறைவு. 1943இல் பத்து வயதுச் சிறுவராக ஏரிக்கரையில் நின்று விமானம் இறங்குவதைக் கண்டவர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்தவர். அங்கு வேலை செய்தவர்களின் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. எஞ்சுவது பிள்ளைகளும் பேரர்களும் கேட்டு வளர்ந்த சொற்கள். அவற்றைக் கண்டவர் சாட்சியாகக் கொள்ளாமல், கேட்டவர் நினைவாகவே பதிவு செய்ய வேண்டும். சேகரிப்பவர் ‘விமானத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்குவதைவிட, ‘அக்காலத்தில் வீட்டில் யார் எங்கே வேலைக்குப் போனார்கள்’ என்று தொடங்குவது பயன்தரும். முதல் வினா படைவீரரின் கதையை மீட்டுத்தரும். இரண்டாவது வினாவே ஊரின் கதையைத் தரும்.

முடிவுரை

நந்தம்பாக்கத்திலுள்ள சென்னைப் போர்க் கல்லறையில் மாண்ட வீரர்களின் பெயர், படைப்பிரிவு, வயது ஆகியவை கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் அம்மதிப்புக்கு உரியவர்களே. புழல் ஏரிக்கரையில் அவர்களோடு வேலை செய்தவர்களுக்கோ நினைவுரைகளில் பெயர்கூட இல்லை. தொழிலைக் குறிக்கும் அயற்சொல் ஒன்றே உண்டு. நினைவுரைகளைக் குற்றஞ்சாட்டுவதால் அப்பெயர்கள் கிடைத்துவிடா. அவ்வுரைகள் எதைக் கண்டன, எதைக் காணும் வழியற்றிருந்தன என்று பிரித்தறிந்து, காணாத இடங்களில் நம் வினாக்களைத் தொடங்குவதே திறனாய்வின் பணி. 2019 கோடையில் புழல் வறண்டு அதன் படுகை வெளிப்பட்டபோது நகரமே அவ்வேரியை நோக்கியது. அதன் நீரின் வரலாற்றை நாம் ஓரளவு அறிவோம். அதன் கரையில் உழைத்தோரின் வரலாறு, கேட்கத்தக்க செவிகள் இருக்கும்வரையில்தான் கிடைக்கும்.