மணிக்கட்டில் ஒரு தேயிலை மலை: புல்காரி பூர் ஓம் நறுமணநீரை முன்வைத்து

நறுமணங்களை மதிப்பிட்டு எழுதும் வழக்கம் தமிழில் அரிது. சந்தனம், பன்னீர், சாம்பிராணி, அத்தர், ஊது என்று பிறப்பு முதல் ஜனாஸா வரை மணங்களோடு வாழும் சமூகம் நம்முடையது. எனினும், எந்த மணம் சிறந்தது, ஏன் சிறந்தது என்று காரணம் காட்டிப் பேசும் பயிற்சி நம்மிடம் வளரவில்லை. 'நல்ல வாசம்' என்ற இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்கிந்தியின் பெயரால் நறுமண வடிப்பு குறித்து நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அடங்கிய நூல் வழங்கிய மரபுக்கு உரியவர்களிடம் இக்குறை இருப்பது வியப்புக்குரியது. ஆண்களுக்கென விற்கப்படும் மேனாட்டு நறுமணநீர்களை நம் இளைஞர்கள் விளம்பரத்தை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் இந்நாளில், அவற்றுள் ஒன்றையேனும் நிறுத்துப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

நாம் எடுத்துக்கொண்டது 'புல்காரி பூர் ஓம்'. கிரேக்க வெள்ளிக் கைவினைஞரான சோதிரியோ புல்காரி 1884இல் ரோம் நகரில் தொடங்கிய நகை நிறுவனம், 2011இல் பிரான்சின் எல்.வி.எம்.எச். குழுமத்தின் கைக்குச் சென்றது. 1990களின் தொடக்கத்தில் இந்நிறுவனத்துக்காக ழான் க்ளோத் எல்லெனா பச்சைத் தேயிலையின் மணத்தை மையமாகக் கொண்டு ஒரு நறுமணநீரைச் செய்தார். தேநீரும் ஒரு நறுமணப் பொருளாகலாம் என்று மேனாட்டுச் சந்தைக்குக் காட்டிய படைப்பு அது. அதன் தொடர்ச்சியாக ஜாக் கவாலியே ஆண்களுக்காக 1995இல் ஆக்கியதே பூர் ஓம். டார்ஜிலிங் தேயிலையும் கஸ்தூரியை ஒத்த மென்மணமும் இதன் இரு தூண்கள் என்று நிறுவனம் கூறிவந்துள்ளது. நெல்லைக்காரர்களான நமக்கு அண்டையிலேயே ஒரு தேயிலை மலை உண்டு. எனவே குப்பிக்குள் இருக்கும் தேயிலையை மாஞ்சோலைத் தேயிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறு வழியாக மலையேறிய ஒரு மார்கழிக் காலையில், தேயிலைத் தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், இம்மணத்தை மணிக்கட்டில் தெளித்துக்கொண்டே சென்றோம்.

முதலில் தரத்தைப் பார்ப்போம். தேயிலை என்று பெயர் சொன்னாலும் இத்தகைய நறுமணநீர்களில் தேயிலையின் சாறு முதன்மைப் பொருளாக இருப்பதில்லை. மல்லிகையின் ஒளிர்வைத் தரும் ஹெடியோன், ஊதாப்பூவின் மணமுடைய அயனோன் ஆகிய பொருள்களை அளவறிந்து சேர்த்துத் தேநீரின் நினைவை எழுப்புவது எல்லெனா காட்டிய வழி. இதை ஏமாற்று என்று தள்ளிவிடலாகாது. அயனோன் தேயிலையிலேயே இயல்பாக உள்ள பொருள். தேயிலைக்கு மணம் தரும் லினலூல் பெர்கமோட் எலுமிச்சையிலும் லாவெண்டரிலும் உள்ளது. ஓவியர் மலையைத் துணியில் வரையும்போது அங்கே கல் இல்லை என்று நாம் குறை கூறுவதில்லை. மலை தெரிகிறதா என்றுதான் கேட்கிறோம்.

அவ்வாறு கேட்டால் விடை பாதி சாதகமானது. தெளித்தவுடன் எலுமிச்சை இனத்தின் கூர்மை எழுகிறது. சில நிமிடங்களில் அது அடங்கி, பால் கலவாத இளந்தேநீரின் மணம் சற்றே மிளகுக் காரத்தோடு மேலெழுகிறது. அடுத்த அரை மணி நேரம்தான் இப்படைப்பின் சிறந்த பகுதி. ஒன்றையொன்று தள்ளாத மணங்கள், எங்கும் இனிப்பு மிகாத கட்டுப்பாடு, உலர்ந்த தூய்மை ஆகியவை கைதேர்ந்தவரின் வேலை என்பதைக் காட்டுகின்றன. அதன் பின் மரமும் கஸ்தூரியும் வந்து சேர, தேயிலை மெல்ல மறைகிறது. இறுதியில் எஞ்சுவது துவைத்து உலர்த்திய வெண்துணியின் மணம். இனிமையானதுதான், ஆனால் முகமற்றது. வேறு பத்துக் குப்பிகளும் இதே இடத்தில்தான் வந்து முடிகின்றன.

மாஞ்சோலையின் தேயிலை மணம் வேறு வகையானது. வாட்டும் கூடத்தில் பரப்பிய கொழுந்திலிருந்து முதலில் அறுத்த புல்லின் பச்சை மணம் எழும். உருட்டும் இயந்திரத்தில் இலை நசுங்கும்போது அது மூக்கைத் துளைக்கும் கூர்மையாகும். நசுங்கிய இலை காற்றுப்பட்டுச் செம்பு நிறம் கொள்கையில், கனிந்த பழத்தின் இனிமை வரும். உலர்த்தும் அடுப்பருகே வறுத்த தானியத்தின் வாசமும் விறகுப் புகையும் கலந்திருக்கும். இவற்றோடு ஈரச் சாக்கும் எந்திர எண்ணெயும் மனித வியர்வையும் சேர்ந்ததே அந்தக் கூடத்தின் காற்று. நம் மணிக்கட்டில் இருந்த தேயிலை, இந்த நீண்ட உழைப்பின் கடைசிக் கணத்தை, கோப்பையில் ஊற்றிய பிறகுள்ள ஆவியை மட்டுமே அறிந்திருந்தது. இலை பறித்த கைகளை அது அறியவில்லை.

அடுத்து, அணிவதற்கு உகந்ததா என்ற வினா. மணம் என்பது ஆவியாதலே. வெப்பம் கூடினால் எடை குறைந்த பொருள்கள் விரைந்து பறக்கும், கனமானவை பின்தங்கும். சித்திரை வெயிலில் மேலப்பாளையத்தின் தெருவொன்றில் இதையே அணிந்து நடந்தபோது, தொடக்கத்தின் எலுமிச்சையும் தேயிலையும் கால் மணி நேரத்தில் கலைந்து, கஸ்தூரி மட்டுமே வியர்வையோடு எஞ்சியது. மாஞ்சோலையின் குளிரிலோ, நாலுமுக்கைக் கடந்து ஊத்து வரையிலும் தேயிலைப் பகுதி நீடித்தது. ஆனால் அது நம் மூக்குக்கு மட்டுமே எட்டும் அளவில் ஒடுங்கிக் கிடந்தது. ஆக, சமவெளியில் இது அழகிழந்து நிற்கிறது. மலையில் அழகோடு ஒளிந்துகொள்கிறது. தாமிரபரணிக் கரையின் மழைக்கால மாலைகளும் தை மாதக் காலைகளுமே இதற்கு ஏற்ற பொழுதுகள். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் இதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நாள் முழுதும் நீடித்து, அறை முழுதும் நிறையும் மணமே கொடுத்த காசுக்குத் தகுந்தது என்பது இன்று பரவலாகியுள்ள கருத்து. நாம் இதனை ஏற்கவில்லை. ஜுமுஆ நாளில் குளித்து, தூய ஆடை அணிந்து, இருக்கும் நறுமணத்தைப் பூசிக்கொள்ளுமாறு வழிகாட்டிய அதே நபிவழி, பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டவர் பள்ளிவாசலுக்கு வருவதைத் தவிர்க்குமாறும் கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மணம் என்பது அணிபவரின் உடைமை மட்டுமன்று. ஸஃப்பில் தோளோடு தோள் உரசி நிற்பவருக்கும் அதில் பங்குண்டு. அவருக்கு இன்பம் தராவிடினும் துன்பம் தராதிருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள முதியவர் அருகில் நின்று தொழ, அவரை இருமவைக்கும் நறுமணம் எத்துணை விலையுயர்ந்ததாயினும் அதபு கெட்டதே. இவ்வளவுகோலில் பூர் ஓம் மிக உயர்ந்து நிற்கிறது. கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் அது யாரையும் தொல்லை செய்வதில்லை.

இத்தகைய நறுமணநீர்களின் பெரும்பகுதி ஆல்கஹாலே என்பதையும் வாசகர் மறந்துவிடலாகாது. இதனைப் பூசிக்கொள்வது பற்றி ஃபிக்ஹ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் தாம் நம்பும் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வதே முறை. நாம் சொல்லக்கூடியது மணத்தைப் பற்றி மட்டுமே. ஆல்கஹால் மணத்தை ஒரே வீச்சில் காற்றில் எறிந்துவிட்டுப் போகிறது. கன்னோஜின் செப்புப் பானைகளில் வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கிய அத்தரோ தோலோடு ஒட்டி, உடற்சூட்டுக்கு ஏற்பச் சிறிது சிறிதாக அவிழ்கிறது. வெயில் நிலத்துக்கு எண்ணெயே பொருந்தும் என்பதை நம் முன்னோர் வேதியியல் கற்காமலே அறிந்திருந்தனர். தேநீரின் ஒளி பொருந்திய மென்மையை மட்டும் அத்தரால் எளிதில் தர இயலாது. பூர் ஓமின் தனித்தகுதி அங்கேதான் இருக்கிறது.

இறுதியாக, பெயர் பற்றி ஒரு சொல். டார்ஜிலிங் என்ற பெயருக்குத் தேயிலைச் சந்தையில் புவிசார் குறியீட்டின் காவல் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக அக்குறியீட்டைப் பெற்ற பொருளும் அதுவே. மலையின் பெயர் குப்பியின் விலையை உயர்த்துகிறது. மாஞ்சோலை என்ற பெயருக்கு அத்தகைய விலை ஒருபோதும் கிடைத்ததில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் எழுந்த தோட்டங்கள் இவை. இங்குள்ள தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த பேரணி காவல்துறையின் தடியடியில் சிதறி, 17 உயிர்கள் தாமிரபரணியில் போயின. நாடு இம்மலையின் பெயரைக் கேட்டது அப்போதுதான். குத்தகை 2028இல் முடிவதற்கு முன்பே, 2024இல், நிறுவனம் வேலையை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்த குடும்பங்கள் மலையிறங்கும் நிலை வந்தது. புலிகள் காப்பகத்தின் நடுவே அமைந்த அந்நிலம் காடாகத் திரும்புவதில் நியாயமும் உண்டு. ஆயினும் வாட்டும் கூடத்தின் அந்தக் காற்றை இனி எவரும் சுவாசிக்கப்போவதில்லை. அதை எந்தக் குப்பியும் பிடித்துவைக்கவில்லை.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். புல்காரி பூர் ஓம் நேர்த்தியான வேலைப்பாடு, அடக்கமானது, பக்கத்திலிருப்பவரை மதிப்பது. குளிர்ந்த பொழுதில் இரண்டு தெளிப்புப் போதும். கோடையில் அதற்குச் செலவிடும் பணத்தை நல்லதொரு வெட்டிவேர் அத்தருக்குக் கொடுப்பது அறிவுடைமை. தேநீர் அருந்துபவரின் இன்பம் அதில் உண்டு. தேயிலை மலையை அதில் தேடுபவர் ஏமாறுவார். அந்த மணம் தேவைப்படுவோர், மலையிறங்கி வந்து நம் ஊர்களில் குடியமர்ந்திருக்கும் மாஞ்சோலைக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்கலாம். அவர்களுக்கு அது நினைவிருக்கிறது.