மணவாளக்குறிச்சிக் கணக்கு

1909ஆம் வருஷம். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் கொஞ்சம் கடற்கரை மண்ணும் ஒட்டிக்கொண்டு போனது. ஷோம்பெர்க் என்கிற ஜெர்மன் ரசாயன நிபுணர் கண்ணில் அது பட்டது. நாமாக இருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்போம். அவர் ஆராய்ந்து பார்த்தார். மோனசைட்! மண் வந்த வழியைத் தேடிப் பிடித்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்க ஆலையே போட்டுவிட்டார்.

அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது கேஸ் விளக்கு மேன்ட்டிலுக்கான தோரியம். இன்றைக்கு உலகமே துரத்துவது அதே மோனசைட்டில் இருக்கும் இன்னொரு சமாசாரத்தை. அரிய மண் தனிமங்கள். மொத்தம் பதினேழு. அதில் நியோடிமியம் சேர்த்துச் செய்கிற காந்தம், அளவில் சுண்டைக்காய், இழுவையில் ராட்சசன். மின்சார கார் மோட்டார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றுக்கும் வேண்டும்.

சரி, நம் அரசாங்கம் இதைக் கவனிக்கவில்லையா? கவனித்தது. அதுதான் வேதனை. 1950லேயே இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கியாகிவிட்டது. 1952 டிசம்பரில் கேரளத்து ஆலுவாவில் ஆலையைத் திறந்து வைத்தவர் நேரு. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அணுசக்தித் துறையின் கட்டுப்பாடு. தனியார் கை வைக்கக்கூடாது. நியாயமான ஏற்பாடுதான். கதிர்வீச்சு விளையாட்டுச் சாமான் இல்லையே.

அப்புறம் சீனா வந்தது. அடிமாட்டு விலைக்கு விற்றது. 2004இல் நம் ஆட்கள் ஆலுவாவில் மோனசைட் பதப்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். கட்டுப்படியாகவில்லை. அவ்வளவுதான் காரணம்.

நானும் பி.காம். படித்தவன்தான். அடக்க விலை பத்து, விற்கிற விலை எட்டு என்றால் கடையை மூடு என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மளிகைக் கடைக்கு அது சரி. ஆனால், போன வருஷம் தீயணைப்பு வண்டி எவ்வளவு லாபம் சம்பாதித்தது என்று யாராவது கேட்பார்களா? பெரிய தீ விபத்தே நடக்கவில்லை, வண்டியை விற்றுவிடலாம் என்று தீர்மானம் போடுவார்களா? சில செலவுகள் வியாபாரமல்ல, இன்ஷூரன்ஸ். பிரீமியம் கட்டும்போது வலிக்கத்தான் செய்யும்.

தவிரவும் இங்கே ஒரு விசேஷம் உண்டு. வேறு யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டது அரசு. அப்படியென்றால் தானாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் இல்லையா? தானும் செய்யமாட்டேன், அடுத்தவனையும் விடமாட்டேன் என்றால் அதற்கு என்ன பெயர்?

ஜப்பானைப் பாருங்கள். 2010இல் ஒரு கடல் எல்லைத் தகராறில் சீனா அவர்களுக்கு அரிய மண் அனுப்புவதை நிறுத்தியது. மறு வருஷமே ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் ஜப்பானியப் பணம் போனது. லைனஸ் நஷ்டத்தில் தள்ளாடியபோது கடன் நிபந்தனைகளைத் தளர்த்திக்கூடக் கொடுத்தார்கள். கைவிடவில்லை. இன்று சீனாவுக்கு வெளியே சொல்லிக்கொள்ளும்படி இருக்கிற சில நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

நாம்? 2012இல் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டோம். ஒடிசாவில் புது ஆலை கட்டினோம். மண்ணைச் சுத்தம் செய்து அவர்களுக்கு ஏற்றுமதி செய்தோம். அவர்கள் காந்தம் செய்துகொண்டார்கள். 1909இல் கயிறோடு போன மண், நூறு வருஷம் கழித்து மூட்டையில் போனது. முன்னேற்றம்!

கணக்கைப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பட்டியல்படி நம்மிடம் இருக்கும் அரிய மண் 69 லட்சம் டன். உலகில் மூன்றாவது இடம். 2024இல் எடுத்தது 2,900 டன். சீனா எடுத்தது 2 லட்சத்து 70 ஆயிரம் டன்.

2025 ஏப்ரலில் பில் வந்தது. சீனா ஏழு வகை அரிய மண்ணுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்றது. இங்கே கார் கம்பெனிகள் கையைப் பிசைந்தன. மாருதி தன் முதல் மின்சார காரின் ஆரம்ப உற்பத்தித் திட்டத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியதாகச் செய்தி வந்தது. நம் மோனசைட்டில் டிஸ்ப்ரோசியம் போன்ற கன ரகங்கள் குறைவு என்பது உண்மை. எல்லாவற்றையும் நாமே செய்திருக்க முடியாது. ஆனால் நியோடிமியத்துக்கு அந்தச் சாக்கும் செல்லாது.

அதன் பிறகுதான் டெல்லிக்கு விழிப்பு. 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாயில் திட்டம். வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் செய்யும் வசதி வேண்டுமாம். ஆலை கட்ட 750 கோடி. விற்பனைக்கு ஏற்ற ஊக்கத்தொகை ஐந்து வருஷத்துக்கு 6,450 கோடி. நல்லது, வரவேற்போம். ஆனால் ஆறாவது வருஷம் சீனா மறுபடி விலையை உடைத்தால்? அமெரிக்காவும் நம்மைப் போலவே தன் சுரங்கத்தைப் படுக்கவிட்ட தேசம்தான். ஆனால் 2025 ஜூலையில் அது தன் உள்நாட்டுக் கம்பெனிக்கு ஓர் உத்தரவாதம் கொடுத்தது. கிலோவுக்கு 110 டாலருக்குக் கீழே விலை போனால் மிச்சத்தை அரசு தரும். பத்து வருஷத்துக்கு. அதற்குப் பெயர்தான் பாதுகாப்பு. ஊக்கத்தொகை கடையைத் திறக்க வைக்கும். மூடாமல் இருக்க வைக்குமா?

கடைசியாக, இந்தக் கணக்கில் யாருமே சேர்க்காத ஒரு வரவு செலவு உண்டு. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மண் எடுக்கும் திட்டத்தை அந்தக் கரையோர மக்கள் எதிர்க்கிறார்கள். கதிர்வீச்சு, புற்றுநோய், கடலரிப்பு என்று அவர்களுக்கு ஆயிரம் பயம். உட்கார்ந்து பேசிப் பதில் சொல்லவேண்டிய பயங்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு என்ன செய்தது தெரியுமா? இம்மாதிரி கனிமத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று ஆணை போட்டது.

தேச நலன் என்றார்கள். 2004இல் ஆலையை நிறுத்தியபோது இந்த தேச நலன் எங்கே போயிருந்தது? அன்றைக்கு நஷ்டத்தைத் தாங்கமாட்டேன் என்ற அரசு, இன்றைக்கு மீனவனைத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறது.

கட்டாமல் விட்ட பிரீமியத்தை எப்போதும் வேறு யாரோதான் கட்டுகிறார்கள்.